வைக்கோல் பிரியும் வலப்பக்க அச்சும்: பழைய மாருதி 800-இல் முன் ஆக்சில் மாற்றிய அனுபவம்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து:

என்னிடம் இருப்பது 1998-ஆம் ஆண்டு மாருதி 800. எங்கள் ஊர், வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாறு தலைப்புக்குச் சற்றுத் தெற்கே, ஒரு பாசன வாய்க்கால் கரையில் இருக்கிறது. கரைச் சாலையிலிருந்து வீட்டுக்குள் நுழைய, ஒரு குறுகிய மதகின் மேல் ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுவதும் ஒடித்து ஏற வேண்டும். சென்ற சித்திரையில் அந்தத் திருப்பத்தில் ‘டக், டக், டக்’ என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. மன்னார்குடி போய்த் திரும்பும் வரை வண்டி அமைதியாக வரும். மதகில் ஏறும்போது மட்டும் சத்தம் கேட்கும். ஆகவே மதகின் மேல் பாவிய பலகைக்கல்தான் ஆடுகிறது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்து, ஊராட்சியில் சொல்ல வேண்டும் என்றுகூடப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு ஒருநாள் கடைத்தெருவில் வண்டியை இடப்பக்கம் ஒடித்துத் திருப்பியபோது அதே சத்தம் வந்தது. மதகின் மேல் வீண்பழி போட்டது அப்போதுதான் தெரிந்தது.

முதலில் காட்டிய பட்டறையில் சக்கர பேரிங் போய்விட்டது என்று சொல்லி அதை மாற்றினார்கள். பணம் போயிற்று, சத்தம் போகவில்லை. பேரிங் தேய்ந்தால் வரும் ஒலி நேர்ச்சாலையிலேயே, வேகம் கூடக்கூட உறுமலாக வரும். நின்ற இடத்திலிருந்து ஒடித்துக் கிளம்பும்போது மட்டும் தட்டித் தட்டி வரும் ஒலி அதுவன்று. இதை எனக்குச் சொன்னவர் இரண்டாவதாகப் பார்த்த வயதான மெக்கானிக். அவர் பானட்டைத் திறக்கவேயில்லை. “வாத்தியாரய்யா, எந்தப் பக்கம் ஒடிச்சா சத்தம் வருது?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டார். இடப்பக்கம் என்றேன். அப்படியானால் பெரும்பாலும் வலப்பக்கத்து ஆக்சிலின் வெளி மூட்டு என்றார். இடப்பக்கம் திரும்பும்போது வலச்சக்கரம் வெளிவட்டத்தில் ஓடுகிறது. பாரமும் அந்தப் பக்கம் சாய்கிறது. தேய்ந்த மூட்டு அங்கேதான் குரல் கொடுக்கும் என்பது அவருடைய விளக்கம்.

இந்த வண்டியில் எஞ்சின் முன்சக்கரங்களைத்தான் இழுக்கிறது. கியர்பெட்டியிலிருந்து இரண்டு சக்கரங்களுக்கும் ஓர் ஆக்சில் வீதம் செல்கிறது. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு மூட்டுகள். வெளி மூட்டுக்குள் ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருள்வதால்தான், சக்கரம் ஒடிந்த நிலையிலும் சுழற்சி தடைபடாமல் போய்ச் சேர்கிறது. அந்தக் குண்டுகளின் ஆயுள் முழுவதும் அவற்றைச் சுற்றியுள்ள கறுப்புக் கிரீஸிலும், கிரீஸின் ஆயுள் அதை மூடியிருக்கும் ‘பூட்’ என்ற மடிப்பு ரப்பர் உறையிலும் இருக்கிறது. பூட் கிழிந்தால் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும். அந்த இடத்தை மணலும் தண்ணீரும் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்பாகக் கோடு போட்டதுபோல் கிரீஸ் அப்பியிருந்ததை நான் பல வாரங்களாகப் பார்த்தும், பிரேக் தூசு என்று நினைத்து விட்டிருந்தேன்.

வண்டியைத் தூக்கியபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. ஆக்சிலைச் சுற்றி, பிரி திரித்ததுபோல் வைக்கோல் இறுகிக் கிடந்தது. அதனிடையே உளுந்துக் கொடியும் பின்னியிருந்தது. தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் எங்கள் பக்கத்துச் சாலைகளில் வைக்கோல் காயும். அதற்கடுத்து வயலில் தெளித்த உளுந்தையும் பயறையும் பிடுங்கி, போகிற வண்டிகளே மிதித்து உதிர்க்கட்டும் என்று சாலையில் பரப்புவார்கள். அடிப்பாகம் தாழ்ந்து, 12 அங்குலச் சக்கரத்தில் ஓடும் இந்தச் சிறு கார் அதையெல்லாம் வாரிக்கொண்டுதான் போகும். சுற்றிய வைக்கோல் பூட்டின் கழுத்துக் கிளிப்பை நகர்த்தி ரப்பரை அறுத்திருந்தது. பரப்புகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் உளுந்தும் அதே சாலையில்தான் காய்ந்தது.

வெளி மூட்டை மட்டும் மாற்றுவதா, ஆக்சிலையே மாற்றுவதா என்ற கேள்வி வந்தது. உள் மூட்டிலும் ஆட்டம் இருந்ததால் முழு ஆக்சிலாகவே வாங்கினேன். கடையில் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டு வராமல், மெக்கானிக் சொன்னபடி பழையதைக் கழற்றிய பிறகே புதியதை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி நீளத்தையும் இரு முனைகளின் பல் எண்ணிக்கையையும் ஒப்பிட்டோம். இடமும் வலமும் ஒரே நீளம் அல்ல. கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது மறுபக்கத்துக்கானது.

வேலையை என் வீட்டுக் களத்திலேயே செய்தோம். மிகக் கடினமான கட்டம் முதல் கட்டமே. சக்கரத்தின் நடுவே ஆக்சில் முனையில் இருக்கும் பெரிய நட்டை, வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுழலும், வண்டியும் ஜாக்கியிலிருந்து நழுவலாம். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் துருப்பிடித்திருந்ததால் அதைத் துண்டு துண்டாகப் பிடுங்கி, முதல்நாள் இரவே எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் என் மகன் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்க, ஸ்பேனர் பிடியில் பழைய அடிபம்பின் இரும்புக் குழாயைச் செருகி நானும் மெக்கானிக்கும் ஏறி மிதித்தோம். மூன்றாவது மிதியில்தான் அசைந்தது. எங்கள் மண் களிமண். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிந்தாலும் பாரம் ஏறினால் ஜாக்கியின் பாதம் உள்ளே இறங்கும். ஆகவே அடியில் பனஞ்சட்டம் போட்டு, தூக்கிய பின் ஸ்டாண்டும் கொடுத்தோம்.

கியர் ஆயிலை இறக்குவதற்கு முன் ஊற்றுவாயின் மூடி கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிலை இறக்கிவிட்டு மேல் மூடி கழலாமல் போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அதன்பின் ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் டை ராடு முனையையும், கீழ்க்கையின் பால் ஜாயிண்டையும் விடுவித்து, சக்கரம் மாட்டும் ஹப்பை வெளிப்பக்கம் சாய்த்து ஆக்சில் முனையை உள்ளே தள்ளினோம். பிரேக் குழாய் இழுபடாதபடி ஹப்பைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டோம். முனையைச் சுத்தியலால் நேரே அடித்தால் மரை நசுங்கிவிடும் என்பதால் நட்டை முனையோடு சமமாக ஏற்றி, மேலே மரக்கட்டை வைத்து மெக்கானிக் தட்டினார். உள் முனையைத் தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. மூட்டு பிரிந்து கையோடு வந்துவிடும். கியர்பெட்டிக்கும் மூட்டின் உடலுக்கும் இடையில் நெம்பிய உடனே ‘டப்’ என்று கழன்றது.

ஆக்சில் நுழையும் இடத்தில் கியர் ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் மலிவான பொருள். ஆக்சிலைக் கழற்றியபின் பழைய சீலையே விட்டுவைப்பது கஞ்சத்தனமாகக்கூடத் தேறாது. புதிய சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, புதிய ஆக்சிலின் உள் முனைப் பற்களைப் பொருத்தித் தட்டினோம். முனையில் உள்ள வளையம் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. மூட்டின் உடலை வெளியே இழுத்துப் பார்த்து, வரவில்லை என்று உறுதி செய்த பிறகே மற்றவற்றை முடுக்கினோம். பெரிய நட்டில் காட்டர் பின் துளை நேர்ப்படாதபோது மேலும் இறுக்கி நேர்ப்படுத்த வேண்டுமே தவிர, தளர்த்தி நேர்ப்படுத்தக் கூடாது. காலை எட்டு மணிக்குத் தொடங்கியது மூன்று மணிக்கு முடிந்தது. அதில் சாப்பாட்டு நேரமும், மறுபடியும் கடைக்கு ஓடிய நேரமும் அடக்கம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

நான் செய்த ஒரு தவறைப் பதிவு செய்கிறேன். ஆக்சிலைக் கழற்றியிருந்த நிலையில், நெல் மூட்டை ஏற்ற வந்த டிராக்டருக்கு வழிவிட வேண்டி, சக்கரத்தை மட்டும் மாட்டி வண்டியைப் பத்தடி தள்ளினோம். ஆக்சிலும் அந்த நட்டும் சேர்ந்துதான் ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கின்றன என்று எனக்கு அப்போது தெரியாது. புதிய ஆக்சில் போட்ட ஒரு மாதத்துக்குள் பேரிங் உறுமத் தொடங்கியது.

வேதாரண்யத்திலிருந்து:

எங்களுக்கு வைக்கோலைவிட உப்புக்காற்றே எதிரி. உப்பளப் பாதையில் ஓடிய என் பழைய மாருதி ஜென் காரில் ஒடிக்கும்போது எந்தச் சத்தமும் இல்லை. நேர்ச்சாலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஸ்டியரிங்கும் தரையும் நடுங்கும், காலை எடுத்தால் நடுக்கம் நிற்கும். சக்கரச் சமன் இரண்டு முறை பார்த்தும் பயனில்லை. கடைசியில் உள் மூட்டின் குழிகள் தேய்ந்திருந்தன என்று தெரிந்தது. கழற்றும்போது வெளி முனைப் பற்கள் ஹப்போடு துருவால் ஒட்டிப்போயிருந்ததால், புல்லர் என்ற கழற்றும் கருவியை வைத்துத் தள்ளுவதற்கே ஒரு பகல் பிடித்தது. புதியதை மாட்டும்போது பற்களில் மெல்லிதாகக் கிரீஸ் தடவச் சொன்னேன்.

கும்பகோணத்திலிருந்து, 31 ஆண்டு பட்டறை வைத்திருந்தவர்:

நீடாமங்கலத்து அன்பர் முழு ஆக்சிலை மாற்றியதை நான் மறுக்கவில்லை; உள் மூட்டும் ஆடியதென்றால் அது சரியே. ஆனால் வெளி மூட்டு மட்டும் தட்டுகிறது, தண்டும் உள் மூட்டும் நன்றாக இருக்கின்றன என்றால் கம்பெனித் தண்டைத் தூக்கி எறிய நான் சம்மதிக்க மாட்டேன். வெளியில் கிடைக்கும் மலிவான முழு ஆக்சில்களில் சில, பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் ஓராண்டிலேயே தட்டத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். நல்ல வெளி மூட்டும் பூட்டும் வாங்கி, உரிய கிரீஸை முழு அளவும் அடைத்துப் பொருத்தினால் நெடுநாள் உழைக்கும். சாதாரண சேசிஸ் கிரீஸை அடைத்து அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது; அதைக் கண்ணால் பார்த்துத் தடுங்கள். கழற்றாமலே மாட்டலாம் என்று விற்கப்படும் பிளந்த பூட்டை நான் இரண்டு வண்டிகளுக்குப் போட்டேன், இரண்டும் திரும்பி வந்தன. இன்னொன்று: இரண்டு பக்கமும் மாற்ற வேண்டியிருந்தால் ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றுங்கள். சில கியர்பெட்டிகளில் இரண்டையும் ஒரே நேரத்தில் உருவினால் உள்ளே பக்கப் பல்சக்கரங்கள் நகர்ந்துவிடும்.

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து, மீண்டும்:

கும்பகோணத்து ஐயாவுக்கு நன்றி. இடப்பக்கத்து ஆக்சிலின் நிலை என்ன என்று தனியே கேட்டவர்களுக்கு: அதன் பூட்டில் மடிப்புகளுக்கிடையே வெடிப்பு தெரிகிறது, இன்னும் கிழியவில்லை, சத்தமும் இல்லை. ஐயா சொன்னபடி அதில் பூட்டையும் கிரீஸையும் மட்டும் மாற்ற எண்ணி வாங்கி வைத்திருக்கிறேன். குறுவை வைக்கோல் சாலைக்கு வருவதற்குள் மாட்டிவிடுவேன். அதுவரை வைக்கோல் கிடக்கும் சாலையைக் கடந்து வந்தால், மதகிலேயே நிறுத்தி, கருக்கரிவாளால் சுற்றியதை அறுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் ஏறுகிறேன்.