டர்போ போட்டும் பவர் வெட்டுகிறது, அவசரம்

டீம்_இன்ஜின்பையன்:
டைனோ (இன்ஜின் பவரை அளக்கும் மெஷின்) நாளை மதியம் வரைதான் கிடைக்கும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்துவது) போட்ட பிறகு நடு ஆர்பிஎம்மில் இழுவை அருமை. 7500 தாண்டினால் டப் டப் என்று வெட்டி, பவர் படுத்துவிடுகிறது. மூன்று முறை மேப் (பெட்ரோல், பொறி அளவுகளின் அட்டவணை) மாற்றியாயிற்று. பெட்ரோலும் கண்டபடி குடிக்கிறது. என்ன காரணம்?

புகைக்குழல்:
எந்த இன்ஜின்? எத்தனை சிசி? பூஸ்ட் (டர்போ கூட்டும் அழுத்தம்) எவ்வளவு? காரா பைக்கா என்றுகூடச் சொல்லவில்லையே.

செட்டிபாளையம்_ரிட்டர்ன்:
ஃபார்முலா பாரத் (கல்லூரி மாணவர்கள் கட்டும் ரேஸ் கார்களுக்கான போட்டி) டீமாகத்தான் இருக்கும். ரெஸ்ட்ரிக்டர் (உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் துளை) எங்கே இருக்கிறது? டர்போ என்றால் விதிப்படி ரெஸ்ட்ரிக்டர், கம்ப்ரஸர் (டர்போவில் காற்றை அழுத்தும் பாதி), த்ராட்டில், இன்ஜின் என்ற வரிசை. பழைய காரின் த்ராட்டிலை அப்படியே முன்னால் விட்டிருந்தால் ஸ்க்ரூட்டினி சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை:
வருடா வருடம் இதே கேள்வி. 20 மி.மீ. துளை வழியாக நொடிக்குச் சுமார் 74 கிராம் காற்றுதான் போகும். அங்கே காற்று ஒலி வேகத்தைத் தொட்டுவிட்டால், பின்னால் எவ்வளவு பெரிய டர்போ இழுத்தாலும் ஒரு கிராம் கூடாது. இந்த அடிப்படையைக்கூடப் படிக்காமல் டர்போ வாங்கியிருக்கிறீர்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை.

இன்டர்கூலர்_பிரியன்:
இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) இருக்கிறதா? பத்தில் எட்டு கேஸ் சூடான காற்றுதான்.

பழைய_பட்டறை:
தம்பி, ஸ்பார்க் பிளக் கேப் (பொறி தாண்டும் இடைவெளி) எவ்வளவு?

டீம்_இன்ஜின்பையன்:
மன்னிக்கவும். ட்யூக் 390 இன்ஜின், 373 சிசி, ஒரே சிலிண்டர். பூஸ்ட் 0.6 பார். கம்ப்ரஷன் விகிதம் 12.6 இருந்தது, அதைக் குறைக்க சிலிண்டருக்கு அடியில் 1 மி.மீ. ஸ்பேசர். வரிசை சரியாகத்தான் இருக்கிறது. இன்டர்கூலர் இருக்கிறது. வெட்டும்போது ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகித) மீட்டர் லீன், அதாவது பெட்ரோல் குறைவு, என்று காட்டுகிறது, அதனால் அந்த இடத்தில் பெட்ரோலைக் கூட்டினோம். இன்னும் மோசமாகிவிட்டது. த்ராட்டிலை விட்டால் லேசாக நீலப் புகை.

செட்டிபாளையம்_ரிட்டர்ன்:
கணக்குப்பிள்ளை சார், கணக்கு சரி, இன்ஜின்தான் வேறு. 373 சிசி 9000 ஆர்பிஎம்மில் பூஸ்ட் இல்லாமல் இழுப்பது சுமார் 34 கிராம். 0.6 பார் பூஸ்ட் சேர்த்து, சூட்டைக் கழித்தால் 50 பக்கம் வரும். 74 எங்கே இருக்கிறது? நீங்கள் சொல்வது 600 சிசி நாலு சிலிண்டருக்கு. அது டர்போ இல்லாமலே 12000-ல் அந்தச் சுவரை முட்டிவிடும்.

கணக்குப்பிள்ளை:
ஒற்றைச் சிலிண்டர் விட்டு விட்டு மூச்சு இழுக்கும். சராசரி போட்டுப் பார்ப்பது பள்ளிக்கூடக் கணக்கு. பிளீனம் (இன்ஜினுக்கு முன் காற்று தேங்கும் பெட்டி) சிறியதாக இருந்தால் உச்சத்தில் 74 தாண்டும்.

புகைக்குழல்:
ஸ்ட்ரோக் 60 மி.மீ., அதில் 1 மி.மீ. ஸ்பேசர் என்றால் கம்ப்ரஷன் 10.7 பக்கம் வந்திருக்கும். சிலிண்டர் உயர்ந்ததால் கேம் (வால்வு திறக்கும்) டைமிங்கும் கொஞ்சம் பின்தங்கியிருக்கும், பார்த்தீர்களா? எப்படியும் டர்போ என்றாலே பெட்ரோல் குடிக்கும், 22 கி.மீ. எண்டூரன்ஸ் ஓட்டத்தில் எஃபிஷியன்ஸி மார்க்கை மறந்துவிடுங்கள்.

இன்டர்கூலர்_பிரியன்:
டர்போ குடிக்குமா? 1988-ல் எஃப்1 டர்போ கார்களுக்கு ரேஸுக்கு 150 லிட்டர், பூஸ்ட் 2.5 பார்தான். 3.5 லிட்டர் என்ஏ (டர்போ இல்லாத) கார்களுக்கு பெட்ரோல் கட்டுப்பாடே கிடையாது. அப்படியும் 1.5 லிட்டர் ஹோண்டா டர்போவை வைத்து மெக்லாரன் 16-ல் 15 ரேஸ் ஜெயித்தது.

கணக்குப்பிள்ளை:
அது பெட்ரோலா? 84 சதவீதம் டொலுயீன். நாக் (நேரம் தப்பித் தானாக வெடிப்பது) ஆகாத எரிபொருளை ஊற்றிக்கொண்டு எஃபிஷியன்ஸி பேசக் கூடாது.

இன்டர்கூலர்_பிரியன்:
சரி, 2014-க்கு வாருங்கள். 1.6 லிட்டர் வி6, மணிக்கு 100 கிலோ எரிபொருள்தான். 2017-ல் மெர்சிடீஸ் டெஸ்ட் பெஞ்சில் வெப்பத் திறன் 50 சதவீதத்தைத் தாண்டியதாக அறிவித்தது.

கணக்குப்பிள்ளை:
எக்ஸாஸ்ட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் எம்ஜியூ-ஹெச்சையும் சேர்த்துக்கொண்டு. ட்யூக்கில் எங்கே மாட்டுவது?

பழைய_பட்டறை:
தம்பி, எஃப்1 கிடக்கட்டும், இதைப் படி. பூஸ்ட் ஏறினால் சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாகிவிடும், பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். பைக்கின் இக்னிஷன் காயிலால் முடியாது. தீப்பிடிக்காத சுற்றில் ஆக்ஸிஜன் எரியாமலே எக்ஸாஸ்ட்டுக்குப் போகிறது. சென்ஸாருக்குத் தெரிவது அந்த ஆக்ஸிஜன்தான், அதனால் லீன் என்கிறது. நீ அதை நம்பிப் பெட்ரோல் ஊற்றுகிறாய், பிளக் நனைந்து இன்னும் வெட்டுகிறது. குடிக்கிறது என்கிறாயே, பாதி அப்படிப் போனதுதான். கேப்பை 0.6 வை. ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் ஹாக்சா பிளேடு ஏறத்தாழ அந்தக் கனம்தான், இறுக்கமாக நுழைந்தால் போதும். கூட்டிய பெட்ரோலையும் எடுத்துவிடு.

நீலப் புகை வேறு கதை. ரெஸ்ட்ரிக்டர் கம்ப்ரஸருக்கு முன்னால் இருப்பதால் ஃபுல் த்ராட்டிலில் அங்கே உறிஞ்சல் இருக்கும், சீல் வழியாக ஆயிலை இழுக்கும். ஆயில் எரிந்தால் நாக் சீக்கிரம் வரும். டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப் எத்தனை மி.மீ.?

டீம்_இன்ஜின்பையன்:
கேப் 0.9 இருந்தது. 0.6 வைத்தோம். 9200 வரை சுத்தமாகப் போகிறது. நன்றி அண்ணா. டைனோ நேரம் முடிந்தது, கிளம்புகிறோம்.

பழைய_பட்டறை:
ரிட்டர்ன் பைப்?

செட்டிபாளையம்_ரிட்டர்ன்:
எத்தனை எச்பி வந்தது என்றாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

கணக்குப்பிள்ளை:
பிளீனத்தைப் பெரிதாக்கியிருந்தால் இன்னும் வந்திருக்கும்.