என்ஜின்எக்ஸை டாக்கரில் போட்டால் எல்லாமே 502 காட்டுகிறது

மொட்டைமாடி_சர்வர்:

வீட்டில் ஒரு பழைய மினி பிசி, டெபியன் 12, டாக்கர் கம்போஸ் (ஒவ்வொரு செயலியும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடும்). படத்துக்கு ஜெல்லிஃபின், போட்டோவுக்கு இம்மிச், பாஸ்வேர்டுக்கு வால்ட்வார்டன். மூன்றுக்கும் தனித்தனி ஃபோல்டர், தனித்தனி கம்போஸ் ஃபைல். 192.168.1.20:8096 என்று அடித்தால் ஜெல்லிஃபின் வருகிறது, 2283 போட்டால் இம்மிச்சும் வருகிறது. வால்ட்வார்டன்தான் எச்டிடிபிஎஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்கிறது, அதற்காகத்தான் இந்த ரிவர்ஸ் ப்ராக்சி (வரும் கோரிக்கையைப் பெயர் பார்த்து உரிய செயலிக்குத் திருப்பிவிடும் சர்வர்) வேலையிலேயே இறங்கினேன்.

டொமைன் வாங்கியாயிற்று. அந்த ப்ராக்சியாக என்ஜின்எக்ஸையும் ஒரு கன்டெய்னராகவே ஓட்டி, ஒவ்வொரு சப்டொமைனையும் லோக்கல்ஹோஸ்ட் 8096, லோக்கல்ஹோஸ்ட் 2283 என்று திருப்பிவிட்டிருக்கிறேன். இப்போதைக்கு லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் பெயரைப் போட்டுத்தான் சோதிக்கிறேன். எதைத் திறந்தாலும் 502 பேட் கேட்வே, அதாவது பின்னால் இருக்கும் செயலியிடமிருந்து என்ஜின்எக்ஸுக்குச் சரியான பதில் வரவில்லை. லாகில் ‘111: கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று வரிசையாக விழுகிறது, ஆனால் அதே மெஷினில் டெர்மினலில் கர்ல் அடித்தால் பதில் வருகிறது. ரூட்டரில் 80, 443 இரண்டையும் ஃபார்வர்ட் செய்தும் லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவச எச்டிடிபிஎஸ் சான்றிதழ் கேட்டால் டைம்அவுட். எங்கே உதைக்கிறது?

கம்பிவலை:

லோக்கல்ஹோஸ்ட்தான் சிக்கல். கன்டெய்னருக்குள் நின்று லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டும்தான், உங்கள் மினி பிசி இல்லை. என்ஜின்எக்ஸ் தனக்குள்ளேயே 8096-ஐத் தேடுகிறது, அங்கே யாரும் இல்லை, 111 வருகிறது.

டாக்கரில் புதிதாக ஒரு நெட்வொர்க் உருவாக்குங்கள், பெயர் எதுவானாலும் சரி. எல்லாக் கம்போஸ் ஃபைலிலும் அதை எக்ஸ்டர்னல் என்று சொல்லிச் சேருங்கள். தனித்தனி ஃபோல்டர் என்பதால் இப்போது ஒவ்வொன்றும் தன் சொந்த நெட்வொர்க்கில் இருக்கிறது, ஒன்றின் பெயர் மற்றொன்றுக்குத் தெரியாது. ஒரே நெட்வொர்க்குக்கு வந்துவிட்டால் டாக்கரின் உள் டிஎன்எஸ் பெயரை ஐபியாக மாற்றிக் கொடுத்துவிடும், லோக்கல்ஹோஸ்ட் இருந்த இடத்தில் ஜெல்லிஃபின் என்று கன்டெய்னர் பெயரையே எழுதலாம்.

இரண்டு இடத்தில் பலரும் இடறுவார்கள். ஒன்று, போர்ட். வால்ட்வார்டனை 8081:80 என்று வெளியே திறந்து வைத்திருந்தால் என்ஜின்எக்ஸில் எழுத வேண்டியது 80, ஏனென்றால் 8081 ஹோஸ்ட் பக்கத்து எண். இன்னொன்று, இம்மிச் ஃபைலில் சர்வர் பகுதிக்கு நெட்வொர்க் என்று ஒரு வரி சேர்த்தவுடன் அது டிஃபால்ட் நெட்வொர்க்கிலிருந்து வெளியே வந்துவிடும், அப்புறம் டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்று அழும். டிஃபால்ட்டையும் சேர்த்து இரண்டையும் எழுதுங்கள். இம்மிச்சின் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸை ப்ராக்சி நெட்வொர்க்குக்குக் கொண்டுவர வேண்டாம், அதற்கு அங்கே வேலையே இல்லை.

சுக்குக்காபி:

மேலே சொன்னது சரி. அது முடிந்ததும் மற்ற கன்டெய்னர்களின் போர்ட் வரிகளை எடுத்துவிடுங்கள், 80-ம் 443-ம் என்ஜின்எக்ஸிடம் மட்டும் இருக்கட்டும். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறேன், பயமில்லை என்று நினைக்காதீர்கள். டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் லினக்ஸின் ஃபயர்வால் விதிகளான ஐபிடேபிள்ஸில் நேரடியாக விதி எழுதிக்கொண்டு யுஎஃப்டபிள்யூவைத் தாண்டிப் போய்விடும், ஸ்டேட்டஸில் மூடியிருப்பதாகக் காட்டினாலும் அந்த போர்ட் திறந்துதான் இருக்கும். ஹோஸ்டிலிருந்து மட்டும் தேவைப்பட்டால் முன்னால் 127.0.0.1 சேர்த்து எழுதுங்கள்.

சான்றிதழ் கதை வேறு. ரூட்டர் பக்கத்தில் வான் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) என்ன காட்டுகிறது? 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (ஒரே பொது ஐபியை இணையக் கம்பெனி பல வீடுகளுக்குப் பங்கிடும் முறை) பின்னால் இருக்கிறீர்கள், போர்ட் ஃபார்வர்டை எத்தனை முறை மாற்றினாலும் வெளியிலிருந்து ஐபிவி4-இல் யாரும் வர முடியாது.

மொட்டைமாடி_சர்வர்:

502 போய்விட்டது! நன்றி கம்பிவலை, இம்மிச் டேட்டாபேஸில் நீங்கள் சொன்ன இடத்திலேயே போய் மோதியிருப்பேன். வான் ஐபி 100.72 என்று தொடங்குகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் ஸ்டாட்டிக் ஐபிக்கு மாதாமாதம் தனியாகக் கட்டச் சொல்கிறார்கள். இன்னொன்று, போனிலிருந்து இம்மிச்சுக்குச் சின்னப் படம் ஏறுகிறது, பெரிய படமும் வீடியோவும் 413 (அளவு அதிகம்) என்று திரும்பி வருகின்றன.

காலிபிளவர்77:

என்ஜின்எக்ஸை விட்டுவிட்டு கேடி என்ற ரிவர்ஸ் ப்ராக்சிக்கு வாருங்கள். ஒரு சப்டொமைனுக்கு மூன்று வரி, சான்றிதழைத் தானே எடுத்துத் தானே புதுப்பிக்கும், வெப்சாக்கெட்டுக்குத் தனியாக ஹெடர் எழுத வேண்டாம், 413 தொல்லையும் இல்லை. அதன் டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் ஒரு வால்யூம் கொடுங்கள். கொடுக்காமல் கன்டெய்னரை அழித்து அழித்து உருவாக்கினால் ஒவ்வொரு முறையும் புதுச் சான்றிதழ் கேட்கும், ஒரே பெயருக்கு வாரத்துக்கு 5 என்ற வரம்பில் முட்டிக்கொள்வீர்கள்.

கம்பிவலை:

ஓடுகிற என்ஜின்எக்ஸை எதற்குப் பிடுங்க வேண்டும்? 413 வருவது என்ஜின்எக்ஸில் அப்லோட் அளவு டிஃபால்ட்டாக 1 எம்பி என்பதால்தான். கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸை 0 ஆக்கினால் வரம்பு போய்விடும். சிஜிநாட்டுக்குப் பின்னால் கேடியும் சும்மா சான்றிதழ் எடுக்காது, டிஎன்எஸ் ப்ளகின் சேர்த்துத் தனியாக பில்ட் செய்ய வேண்டும், அதையும் சொல்லியிருக்கலாம். நானும் புது மெஷின் என்றால் கேடிதான் போடுவேன், அது வேறு விஷயம்.

சுக்குக்காபி:

ஸ்டாட்டிக் ஐபிக்குக் காசு கொடுக்காதீர்கள், தேவையில்லை. சான்றிதழை டிஎன்எஸ்-01 முறையில் எடுங்கள். டொமைனில் ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்ட் போட்டுக் காட்டினால் போதும், வெளியிலிருந்து யாரும் உங்கள் வீட்டுக்குள் வர வேண்டியதில்லை. சர்ட்பாட்டோ ஆக்மி.எஸ்ஹெச்சோ உங்கள் டிஎன்எஸ் கம்பெனியின் ஏபிஐ டோக்கனை வைத்து அதைச் செய்துவிடும். எல்லாச் சப்டொமைனுக்கும் ஒரே சான்றிதழான வைல்டுகார்டாகவே எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு சப்டொமைன் பெயரும் சான்றிதழ்ப் பொதுப் பதிவேட்டில் ஏறி ஊருக்கே தெரியும்.

அப்புறம் ஏ ரெக்கார்டில் (பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் வரி) 192.168.1.20 என்றே போடுங்கள். பொது டிஎன்எஸில் வீட்டு ஐபியா என்று தோன்றும், ஆனால் வேலை செய்யும், பிரவுசரில் எச்டிடிபிஎஸ் பூட்டும் வரும். சில ரூட்டர்கள் மட்டும் ரீபைண்டிங் தடுப்பு என்று அந்தப் பதிலை விழுங்கிவிடும், அங்கே உங்கள் டொமைனுக்கு விலக்கு கொடுக்க வேண்டும்.

மொட்டைமாடி_சர்வர்:

வால்ட்வார்டன் பூட்டோடு திறந்துவிட்டது. வெளியூரில் இருக்கும்போது இம்மிச் வேண்டுமென்றால்? கிளவுட்ஃபிளேர் டனல் (போர்ட் திறக்காமல் அவர்கள் சர்வர் வழியாக வெளியே காட்டுவது) போடலாமா?

சுக்குக்காபி:

போடலாம், ஆனால் இலவசத் திட்டத்தில் ஒரு அப்லோடுக்கு 100 எம்பிதான், போன் வீடியோ எல்லாம் அங்கேயே நிற்கும். டெய்ல்ஸ்கேல் விபிஎன் போடுங்கள், அது சிஜிநாட்டிலும் ஓடும். மினி பிசியை சப்நெட் ரூட்டராக்கி (வீட்டு முகவரிகளுக்கு விபிஎன் வழியே பாதை கொடுப்பது) 192.168.1.20/32 மட்டும் அறிவித்து, அட்மின் பக்கத்தில் அதற்கு அனுமதி கொடுத்துவிட்டால் அதே முகவரி வெளியிலும் திறக்கும்.