புதுப்பிப்பு: ஓய்வுக்குப் பின் வீணை, துருவ தாள அலங்காரத்தில் மனத் தடுமாற்றம்

பணி ஓய்வுக்குப் பின் வீணை கற்கும் நான், துருவ தாள அலங்காரத்தை (14 எண்ணிக்கை கொண்ட தாளத்தில் அமைந்த ஸ்வரப் பயிற்சி) இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், வாசிக்கும்போது மனம் வெறுமையாகிவிடுகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, வீணையைத் தொடும் முன் தாளம் போட்டு வாய்விட்டுப் பாடச் சொன்ன யோசனைதான். 'ஸரிகம கரி ஸரிகரி ஸரிகம' என்னும் 14 ஸ்வரங்களுக்குள் 'கரி' இருமுறை வருவதால், வேகம் கூடும்போது எந்தக் 'கரி'யில் நிற்கிறோம் என்பதே மனத்துக்குப் பிடிபடாமல் போயிருக்கிறது. பாடிப் பழகியதும் அது தெளிந்தது. அடுத்து, தாளத் தந்திகளை (தாளத்துக்காக மீட்டும் பக்கத் தந்திகள்) மீட்டும் வலக்கைச் சுண்டுவிரலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வாசித்து, இடக்கை நன்கு பழகிய பின்பே அதைச் சேர்த்துக்கொண்டேன். சீரான இடைவெளியில் ஒலித்து வேகத்தைக் காட்டும் மெட்ரோனோம் செயலி எனக்கு ஒத்துவரவில்லை, பதற்றத்தைத்தான் கூட்டியது.

எதிர்பாராதது ஒன்று உண்டு: மாலையில் எவ்வளவு முயன்றும் வராத வரிசை, நன்றாக உறங்கி எழுந்த காலையில் தடையின்றி வந்தது. விரல்கள் கற்றதை மூளை உறக்கத்தில் பதித்துக்கொள்கிறது என்பதால், தடுமாறும் பகுதியை இப்போது இரவில் மெதுவாக ஒருமுறை வாசித்துவிட்டு நிறுத்திவிடுகிறேன். ஆசிரியர் முன் வாசிக்கும்போது வரும் நடுக்கம் மட்டும் இன்னும் முழுமையாக நீங்கவில்லை.