கோபன்ஹேகன் பழைய நகரம்: முழங்கால் வலி உள்ள அம்மாவோடு சைக்கிள் டாக்ஸியில் போகலாமா?

சேலத்து மாலா:
ஆகஸ்டில் அம்மாவை அழைத்துக்கொண்டு டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் போகிறேன். அம்மாவுக்கு 72 வயது, வலது முழங்காலில் தேய்மானம். பத்து நிமிடம் நடந்தால் உட்கார இடம் தேடுவார். நியூஹவ்ன் கால்வாய்ப் பக்கம் மூன்று சக்கர சைக்கிள் டாக்ஸி நிற்கும் என்று படித்தேன். ஏறி இறங்க உயரமாக இருக்குமா? கல் பாவிய தெருக்களில் குலுக்கல் எப்படி?

இன்னொன்றும் உண்டு. ஒருவர் மிதிக்க நாம் உட்கார்ந்து போவது அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கிறது. "கலைஞர் 73-லேயே கைரிக்‌ஷாவை ஒழிச்சாச்சு, இப்ப போய் அங்க அதுல ஏறணுமா?" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைக்குடை:
போன மே மாதம் மாமனாரோடு போனோம். ஏறும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். சொன்ன தொகை வண்டிக்கா ஆளுக்கா என்று கேட்காமல் ஏறிவிட்டோம், இறங்கும்போது ஆளுக்கு என்றார். மாமனாருக்கு மனசே விட்டுப்போயிற்று. அப்புறம், துறைமுகக் காற்று. மடிக்கு ஒரு போர்வை தந்தார்கள், காதுக்கு மஃப்ளர் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

பொறையாற்றுக்காரன்:
மாலா அக்கா, அங்கே முதுகலை படித்தபோது இரண்டு கோடை சைக்கிள் டாக்ஸி ஓட்டியவன் நான். அம்மாவின் சங்கடத்துக்கே முதலில் பதில் சொல்கிறேன். பெடலுக்குத் துணையாக பேட்டரி மோட்டார் உண்டு. ஊரும் தட்டையான ஊர். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போவது எனக்குப் பாரமாக இருந்ததில்லை, பாலத்து ஏற்றத்தில் மட்டும் தொடை இறுகும். நாடாளுமன்றத்துக்கே சைக்கிளில் வருகிற ஊர் அது. மிதிக்கிறவனை யாரும் கீழாகப் பார்த்ததில்லை. என் அறை வாடகை முழுக்க அந்த வண்டியில் சம்பாதித்ததுதான். அம்மா தயங்காமல் உட்காரட்டும்.

ஏறுவதற்கு ஒரே படி. நடைபாதை விளிம்பை ஒட்டி நிறுத்தச் சொன்னால் அதுவும் பாதியாகிவிடும்.

குலுக்கல் உண்மைதான். பழைய தெருக்களில் கரடுமுரடான கருங்கல் தளத்துக்கு இடையே வழவழப்பான கல் பட்டை ஒன்று ஓடும். இருசக்கர சைக்கிள்காரர் அதன் மேலேயே நழுவிப் போய்விடுவார். நம் வண்டியில் முன்சக்கரம் பட்டையில் இருந்தாலும் பின்சக்கரம் இரண்டும் கல்லில்தான் ஏறி இறங்கும். பயணிகள் உட்கார்ந்திருப்பதோ சரியாக அவற்றின் மேலே! மக்ஸ்ட்ரேட மாதிரியான சந்துகளில் வயதானவர்கள் இருந்தால் நான் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே போவேன். நீங்களும் அப்படிக் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒரு சின்னத் தலையணை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் கடல்கன்னி சிலைக்குப் போகச் சொல்வார்கள். அது பழைய நகரத்துக்கு வெளியே, தள்ளி இருக்கிறது. அந்த நேரத்தில் நியூஹவ்னிலிருந்து 2016-ல் திறந்த சைக்கிள் பாலத்தைத் தாண்டி கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன் போங்கள். தண்ணீரை ஒட்டி 'ஆசியாடிஸ்க் பிளாட்ஸ்' என்று ஒரு சதுக்கம். இப்போது அங்கே வெளியுறவு அமைச்சகம் இருக்கிறது. ஒரு காலத்தில் டென்மார்க்கின் ஆசியக் கம்பெனியின் இடம் அது. 1732-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி தரங்கம்பாடியோடும் சீனாவோடும் வணிகம் செய்தது. பழைய கிடங்கு இன்னும் நிற்கிறது. நான் தரங்கம்பாடியின் டேன்ஸ்போர்க் கோட்டைப் பக்கம் கடலைப் பார்த்து வளர்ந்தவன். முதல் வாரம் அந்தச் சதுக்கத்தில் வண்டியை நிறுத்தியபோது, எங்கள் ஊர்க் கடலின் மறுகரைக்கு வந்துவிட்டேன் என்று தோன்றியது. வெகுநேரம் நகரவே முடியவில்லை.

1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் கால் வைத்தது டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியானின் ஆட்கள். கிறிஸ்டியான்ஸ்ஹவ்னை உருவாக்கியவரும் அவர்தான். திரும்பும் வழியில் போர்சன் வரும், அவர் கட்டிய பழைய வணிகக் கூடம். நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு எழும் கோபுரம் அதற்கு இருந்தது. 2024 ஏப்ரலில் தீயில் சரிந்தது. செய்தியில் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியாக வட்டக் கோபுரம், 1642-ல் முடித்தது. அதுவும் அவருடையதே. உள்ளே படிக்கட்டுக்குப் பதில் 209 மீட்டர் நீளத்துக்குச் சுழன்று ஏறும் செங்கல் சரிவு. 1716-ல் ரஷ்யாவின் பீட்டர் சக்கரவர்த்தி குதிரையிலேயே ஏறினார் என்பார்கள். உச்சியில்தான் கொஞ்சம் படி. அம்மாவுக்கு முதல் சுற்றே போதும். வெள்ளைச் சுவரில் ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும்.

சேலத்து மாலா:
தம்பி, முழுவதையும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கல்யாணமான புதிதில் அப்பாவோடு தரங்கம்பாடி போனதை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறார். கோட்டை வாசலில் சுண்டல் வாங்கித் தின்றார்களாம். சரி, அந்தச் சதுக்கத்துக்குக் கட்டாயம் போகணும் என்கிறார். ஓட்டுகிற பையனுக்கு நடுவில் டீ வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கச் சொன்னார்.

பொறையாற்றுக்காரன்:
தாராளமாக, அக்கா. அங்கே டீயைவிட காபிதான் பழக்கம். நிறுத்தி வைக்கும் நேரத்துக்கும் கட்டணம் உண்டா என்று மட்டும் ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சதுக்கத்தில் அம்மாவை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், ஊரில் எங்கள் அம்மாவிடம் காட்ட வேண்டும்.