அப்பா எடுத்த நெகட்டிவ்: வீட்லயே ஸ்கேனா, ஈப்போ கடையா?

லயத்துவீடு:
வணக்கம், சுங்கை சிப்புட்ல இருக்கேன். அப்பா தோட்டத்துல வேலை செஞ்சப்ப எடுத்த நெகட்டிவ் முப்பது ரோலுக்கு மேல மைலோ டின்ல கிடக்கு, 35 மி.மீ., பாதி கலரு பாதி கருப்பு வெள்ளை. மாரியம்மன் திருவிழா, பால்மரம் வெட்டுறது, லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வாசல்ல பாட்டி எல்லாம் அதுலதான். இப்ப அந்த லயமே இல்ல, செம்பனை நட்டுட்டாங்க. ஸ்கேனர் வாங்கவா, கடையில கொடுக்கவா? பிரிண்ட்டும் வேணும், அம்மாவுக்கு போன்ல பாத்தா பத்தல.

பழைய கேமரா:
நெகட்டிவ கைய விட்டு அனுப்பாதீங்க தங்கச்சி. எங்க கல்யாண நெகட்டிவ ஒரு கடையில கொடுத்தேன், சிடி வந்துச்சு, நெகட்டிவ் வரவேயில்ல, இன்னிக்கும் வயிறு எரியுது. நான் எப்சன் வி600 ஸ்கேனர் வச்சிருக்கேன், ஒரு தடவைக்கு 12 படம் வைக்கலாம், மெதுவாதான் போகும். பெட்டியில 6400 டிபிஐன்னு (ஒரு இஞ்சுக்கு எத்தன புள்ளின்னு) போட்டிருந்தாலும் நெஜமா கிடைக்கிறது 1500 பக்கம்தான், ஆனா 4ஆர் (4க்கு 6 இஞ்சு), 5ஆர் (5க்கு 7 இஞ்சு) பிரிண்ட்டுக்கு அது போதும்லா. தூசி எடுக்குற டிஜிட்டல் ஐஸ கலருக்கு மட்டும் போடுங்க. அது இன்ஃப்ராரெட் வெளிச்சத்த விட்டுத்தான் தூசிய கண்டுபிடிக்கும்; கருப்பு வெள்ளை ஃபிலிம்ல இருக்குற வெள்ளி அந்த வெளிச்சத்த மறைச்சிரும், மெஷினு படத்தையே தூசின்னு நெனச்சி மூஞ்சியெல்லாம் கெடுத்துரும்.

மினிலேப் அண்ணன்:
நான் லேப்ல வேலை செஞ்ச ஆளு. ஸ்கேன் வீட்ல, பிரிண்ட் கடையில, இதுதான் என் முடிவு. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர எப்பவாச்சும் ஒரு தடவை தொட்டா மை வர்ற நாசில் அடைச்சிக்கும், அத சுத்தம் பண்ணியே பாதி மை போயிரும். கடையில சில்வர் ஹாலைடு பேப்பரான்னு (வெளிச்சம் பட்டு கெமிக்கல்ல கழுவுற நெஜ போட்டோ பேப்பர்) கேளுங்க, 4ஆருக்கு 1800க்கு 1200 பிக்சல்ல ஃபைல் கொடுங்க. ஆட்டோ கரெக்‌ஷன் வேணாம்னு கண்டிப்பா சொல்லிருங்க, இல்லாட்டி வெயில்ல நின்ன நம்ம ஆளுங்கள வெளுப்பாக்கி கொடுத்துருவாங்க, பாட்டி நிறம் பாட்டி நிறமாவே வரணும்.

அப்புறம் டின்ன தொறந்தா வினிகர் வாடை வருதா? வந்தா ஃபிலிம் அடியில இருக்குற அசிடேட்டு அரிக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், அந்த ஆசிட்டு மூடுன டின்ல வெளியேறாம மத்த ரோலையும் புடிச்சிக்கும். அத தனியா எடுத்து வச்சி மொதல்ல ஸ்கேன் பண்ணுங்க.

லயத்துவீடு:
இப்பதான் தொறந்து மோந்து பாத்தேன் அண்ணே, கருப்பு வெள்ளை மூணு ரோல்ல வாடை அடிக்குது, ஒண்ணு ஓரத்துல சுருண்டும் போச்சு. மூணையும் தனியா கவர்ல போட்டுட்டேன். பழைய கேமரா அண்ணே, இந்த சனிக்கிழமை நெகட்டிவோட உங்க வீட்டுக்கு வரலாமா? பக்கத்துலயே உக்காந்து ஸ்கேன் பண்ணிட்டு கையோட எடுத்துட்டு வந்துர்றேன்.