நிலத்தை விற்பவர்கள் கவனத்துக்கு: மேல்காட்டு நடைபாதை

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மேல்காட்டில் இன்னொரு நிலமும் கைமாறிவிட்டது. வாங்கியவர் யார், என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். விற்றவர் நம்மில் ஒருவர். அவர் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், விற்றதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் பதிவு முடிந்த கையோடு வேலி வந்துவிட்டது. சுமைதாங்கிக் கல்லுக்கு மேலே, ஓடையை ஒட்டிப் பாதை திரும்புகிற இடத்தில், குறுக்கே முள்கம்பி. அதற்கு மேலே அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாகத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இப்போது மிளகுச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் பாறைச் சரிவில் இறங்குகிறார்கள். மழைநாளில் அந்தப் பாறையில் ஆடுகூட நிற்காது.

வாங்கியவரிடம் போய்ப் பேசினோம். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: “பத்திரத்தில் பாதை என்று ஒரு வரிகூட இல்லையே?” நான் வாங்கிப் பார்த்தேன். உண்மையிலேயே இல்லை.

நம் தாத்தாக்கள் காலத்துப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லை சொல்லி, அதிலுள்ள மரம், செடி, ஓடைத் தண்ணீர் சொல்லி, கடைசியில் “மாமூல் வழிநடைப் பாத்தியம் உள்பட”, அதாவது வழக்கமாக நடந்து போகிற வழியின் உரிமையும் சேர்த்து, என்று முடித்திருப்பார்கள். எழுத்துக்கூலிக்காக நீட்டிய அலங்காரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த வரி அது. இப்போது கம்ப்யூட்டரில் ஒரே அச்சாக வார்க்கும் பத்திரத்தில் அது காணாமல் போய்விட்டது.

இந்தப் பாதை எப்படி வந்தது என்பது இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பஸ் போகிற ரோடு வருவதற்கு முன்பு நம் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பன்றிமலைப் பக்கத்துச் சரக்கெல்லாம் இது மாதிரிப் பாதைகளில்தான் அடிவாரம் இறங்கியது. மலைவாழைத் தார்களைக் குதிரை முதுகில் இரண்டு பக்கமும் கட்டி இறக்குவார்கள். 1970களில் முடிக்கொத்து நோய் வந்தது. இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நின்றுவிடும், தார் வராது. அசுவினிப் பூச்சி ஒரு பக்கம் பரப்ப, நோய்ப்பட்ட தோட்டத்துப் பக்கக்கன்றை எடுத்து நட்டு நாமும் பரப்பினோம். அந்த மலைவாழைக்கு, விருப்பாட்சி வாழை என்ற பெயரில், 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதை நட்டு வைத்திருந்தவர்களை நம் ஊரில் தேடத்தான் வேண்டியிருந்தது. வாழை குறைந்தது, குதிரை குறைந்தது, பாதை மட்டும் மிஞ்சியது. ஏற்றத்தில் பதித்த கற்களின் நடுவில் குளம்பு பட்டுத் தேய்ந்த குழி இன்னும் இருக்கிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும்.

இன்று அந்தப் பாதையில் போவது காப்பிக்காரர்கள்தான். வெளிநாட்டில் இருந்துகொண்டு குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சிறு தோட்டத்துக்கு நடைதான் பாதி விவசாயம். காப்பிச் செடியைக் கெடுக்கிற வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டு பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு உள்ளே போய் மரத்தைக் குடையும். வெளியே தெரிவது மிகவும் கொஞ்சம்: தண்டில் விரல் வைத்தால் தட்டுப்படுகிற மேடு, வளையம் போட்டது மாதிரி. அதற்குப் பிறகுதான் இலை மஞ்சளாகும். மஞ்சளான பிறகு பார்த்தால் அந்தச் செடி போனதுதான். பிடுங்கி எரிக்க வேண்டும். நிழல் இல்லாமல் வெயில் படுகிற செடியைத்தான் அது தேடிப் போகும். அதனால்தான் நிழல் தருகிற சில்வர் ஓக் மரத்தை விலை நன்றாக இருக்கிறது என்று மொத்தமாக வெட்டிய தோட்டங்களில் அடுத்த சில வருடங்களில் காப்பியும் போகிறது, அந்த மரத்தில் ஏறியிருந்த மிளகும் போகிறது. (மலைப்பகுதி மரங்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது என்பதையும் சிலருக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.) வண்டு பறக்கிற பருவத்துக்கு முன்பு தேங்காய் நார் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, தண்டைச் சுற்றி உதிர் பட்டையைத் தேய்த்து எடுத்தால் முட்டையிட வெடிப்பு கிடைக்காது. செடி செடியாகக் குனிந்து செய்கிற வேலை. போக வழி இல்லாத தோட்டத்தில் யார் போய்க் குனிவார்கள்? உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்பார்கள். பார்க்கப் போகிற பாதையையே அடைத்துவிட்டால் உடையவன் என்ன செய்வான்?

இனி சட்டம். நான் வக்கீல் இல்லை. வக்கீலிடம் கேட்டதையும் சட்டத்தைப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் சர்வே எண்ணின் புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, பாருங்கள். அதில் பாதை தனி உட்பிரிவாக இருந்து, கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் பாதைப் புறம்போக்கு (அரசு நிலம்) என்று இருந்தால் அங்கே யாரும் வேலி போட முடியாது. நம் பாதையின் கீழ்ப்பாதி அப்படித்தான் இருக்கிறது. சிக்கல் மேல்பாதியில், அது பட்டா நிலங்களின் ஊடே போகிறது. அங்கே நமக்கு இருப்பது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். ஒரு வழியை 20 ஆண்டுகள் வெளிப்படையாக, சண்டை இல்லாமல், இடைவிடாமல், உரிமையோடு பயன்படுத்தி வந்திருந்தால் அந்த வழி நமக்குப் பாத்தியம். ஆனால் வழக்கு என்று போனால், அந்த 20 ஆண்டு அனுபவம் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். வேலி போட்டவரிடம் நயமாகப் பேசிப் பேசியே நாளைக் கடத்தக் கூடாது என்று நான் கத்துவது இதனால்தான். பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நடக்காத பாதைக்கு நேர் எதிர்க் கணக்கு. முழுதாக 20 ஆண்டுகள் யாரும் போகாமல் விட்டால் அந்த உரிமை அழிந்துபோகும். இதற்கு அதே சட்டத்தின் 47ஆம் பிரிவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வழியுரிமை உள்ள நிலத்துக்காரர் அந்தக் காலத்துக்குள் “இந்த உரிமையை நான் வைத்துக்கொள்ள விரும்புகிறேன்” என்று ஓர் உறுதிமொழியைப் பதிவு செய்துவிட்டால், பதிவு செய்த தேதியிலிருந்து இன்னும் 20 ஆண்டுகளுக்கு அது அழியாது. துபாயிலும் டொராண்டோவிலும் இருந்துகொண்டு தோட்டத்தைப் பூட்டி வைத்திருக்கிற நம் ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள்.

விற்கப் போகிறவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. “இந்நிலத்தின் ஊடே செல்லும் நடைபாதையில், மேலேயுள்ள இன்னின்ன சர்வே எண் நிலத்தாருக்குப் போகவரப் பாத்தியம் உண்டு” என்ற ஒரு வாக்கியத்தைப் பத்திரத்தில் சேருங்கள். வரி இல்லாததால் மட்டும் உரிமை போய்விடாது. ஆனால் கோர்ட்டில் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். சாட்சி சொல்லக்கூடிய வயதில் இருப்பவர்கள் மூட்டுவலியோடு வீட்டில் படுத்திருக்கிறார்கள். இந்த வரியைச் சேர்த்தால் விலை குறையுமோ என்று ஒரு தம்பி கேட்டார். கொஞ்சம் குறையலாம். குறையட்டும்.

விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பாதையில் நடந்துவிட்டுப் போங்கள். கோடைமழை ஒன்று விழுந்து ஒன்பது பத்து நாள் கழித்து வந்தால் காப்பிப்பூ பார்க்கலாம். கிளை முழுக்க வெள்ளை, மல்லிகை வாசனை. மூன்று நாளில் பழுப்பாகிவிடும். அதனால் டிக்கெட்டை அதற்காகப் போடாதீர்கள், மழை யார் சொல்லையும் கேட்காது. தை மாதம் வந்தால் பழம் பறிப்பின் கடைசி நாட்கள். வடகிழக்குப் பருவமழையில் களத்தில் காயாமல் கிடந்த காப்பியைப் பற்றி எல்லோரும் உங்களிடம் புலம்புவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மழை ஈரம் இருக்கும்வரை அட்டை உண்டு, உப்பு கொண்டுவாருங்கள். விடியலிலும் அந்தியிலும் காட்டுமாடு காப்பிக்குள் நிற்கும். நின்றால் நீங்களும் நில்லுங்கள், போட்டோவுக்காக நெருங்க வேண்டாம்.

தோட்ட எல்லை தாண்டிச் சோலைக்காட்டுக்குள் மட்டும் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் அத்தனை பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதி கொண்டுவந்துவிட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடந்தால் வழக்கு. நான் பேசுவது நம் நிலங்களுக்கு இடையே உள்ள பாதையைப் பற்றி மட்டும்தான்.

மேல்காட்டில் நிலம் உள்ளவர்கள் தங்கள் சர்வே எண்ணையும், பழைய பத்திரத்தில் வழிநடைப் பாத்தியம் எழுதியிருக்கும் பக்கத்தின் படத்தையும் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம். வேலிக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பு அவை கையில் இருக்க வேண்டும். செலவைப் பற்றிச் சங்கப் பொருளாளர் தனியாக எழுதுவார்.