மறு: கேட்டலிஸ்ட் டெம்பரேச்சர் சென்சாருக்குத் தமிழ்ச்சொல்

> வினைவேக மாற்றி வெப்ப உணரி என்றே வைத்துவிடலாமே.

வணக்கம் ஐயா. 'உணரி' சரி, அது ஊன்றிவிட்ட சொல். முன்பாதிதான் இடிக்கிறது. வினைவேக மாற்றி என்பது வேதிப்பொருளின் பெயர். காரின் அடியில் புகையைத் தூய்மையாக்க இருப்பதோ பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பீங்கான் துளைக்கட்டியும் எஃகுக் கூடும் சேர்ந்த ஓர் உறுப்பு. அதை 'ஊக்கிக்கலன்' என்போம். அதன் சூட்டை அளப்பது 'ஊக்கிக்கலச் சூட்டுணரி'. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்ற சண்டையும் இதில் வராது. உடம்புச் சூடு என்று நாம் சொல்வது வெப்பநிலையைத்தானே.

அதைவிட முக்கியம், வண்டியின் கணினி காட்டும் பழுதுக் குறிகளை எப்படித் தமிழாக்குகிறோம் என்பது. பி0420 ஊக்கிக்கலனின் திறன் குறைவைச் சொல்கிறது. ஆக்சிஜன் உணரிகளை வைத்து எட்டும் முடிவு அது. பி0425 முதல் பி0428 வரை உள்ளவை சூட்டுணரியையும் அதன் மின்சுற்றையும் பற்றியவை. இரண்டையும் 'கேட்டலிஸ்ட் கம்ப்ளெய்ண்ட்' என்று ஒரே வாயால் சொன்னால், நல்ல கலனைக் கழற்றி எறிய வேண்டிவரும். இங்கே குன்னூரில் தெரிந்தவர் ஒருவரின் வண்டிக்கு ஒரு பட்டறையில் பெரிய தொகையாக மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் சூட்டுணரியின் கனெக்டரைப் பிரித்துப் பார்த்தால் அதன் ஊசிமுனைகள் முழுக்கப் பச்சைக் களிம்பு. மூடுபனி ஊரில் இது சகஜம்.

பி0428-இன் ஆங்கில விளக்கத்தில் வரும் 'ஹை' சூட்டைக் குறிப்பதல்ல, உணரியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை. கம்பி அறுந்தால் மின்னழுத்தம் ஏறி நிற்கும். உணரியில் இரு வகை. தெர்மிஸ்டர் வகையில் சூடு கூடினால் ஓம், அதாவது மின்தடை, குறையும். ஆகவே அங்கே அறுந்த கம்பி 'கடுங்குளிர்' என்று காட்டும். பிளாட்டினம் வகையில் சூடு கூடினால் ஓம் கூடும். அதே அறுந்த கம்பி 'கொதிக்கிறது' என்று காட்டும். களிம்பால் ஓம் ஏறினாலும் இதே கதைதான். எனவே இதை 'வெப்பம் அதிகம்' என்று எழுதவே கூடாது. 'சூட்டுணரிக் குறிகை உயர்வு' என்பதே சரி. குறிகை என்றால் சிக்னல். பி0427 'குறிகை தாழ்வு'.

சொல்லோடு சோதனையையும் அகராதிப் பதிவில் ஒரு வரி சேர்க்கலாம். இரவு முழுக்க ஊட்டிக் குளிரில் நின்ற வண்டியில், எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பார்க்க வேண்டும். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்), உள்ளிழுக்கும் காற்று, ஊக்கிக்கலன் மூன்றின் சூடும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். கலன் மட்டும் விலகி நின்றால் முதலில் கம்பி, கனெக்டர், அப்புறம் உணரி. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் கியரில் விட்டு இறங்கும்போது எரிபொருள் நின்று புகைக்குழாய் ஆறும். அப்போதும் எண் அசையாமல் நின்றால் சந்தேகம் உறுதி.

'குறிகை'க்கு ஈழத்து நண்பர்கள் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள். மறுப்பு இல்லையென்றால் ஊக்கிக்கலன், ஊக்கிக்கலச் சூட்டுணரி, குறிகை என்ற மூன்று சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.